பானட்டைத் திறப்பதற்கு முன்



மழைக்காலம் நெருங்கினால் நம் இதழுக்கு வரும் வாசகர் கடிதங்களில் கார் பேச்சு கூடிவிடும். பைக்கில் பிள்ளைகளை நனைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக முடியவில்லை, மாதா மாதம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோவுக்குப் பேரம் பேசி அலுத்துவிட்டது, புது கார் என்றால் தவணை கையைக் கடிக்கும், பழைய கார் ஒன்று எடுக்கலாமா? ஊர்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய வண்டி. கன்சல்டிங்காரர் "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டினது" என்கிறார். எதைப் பார்ப்பது, யாரை நம்புவது?

எடுக்கலாம் என்பதே என் கட்சி. இன்ஷூரன்ஸ் கணக்குப்படியே நாலு வருஷம் தாண்டிய காருக்கு 50 சதவீதம் தேய்மானம் போட்டுவிடுகிறார்கள். அந்த நஷ்டத்தை முதல் ஓனர் சுமந்து முடித்துவிட்டார். நாம் ஏன் இன்னொரு முறை சுமக்க வேண்டும்? ஆனால் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற நாம், கார் என்று வந்தால் கலரையும் சீட் கவரையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நேரே பானட்டைத் திறந்து என்ஜினைப் பார்க்கிறார்கள். அதுவும் தலைகீழ் வரிசை என்பேன். முதலில் காகிதம், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் என்ஜின். காரணம் எளிது. கெட்டுப்போன என்ஜினைக் காசு கொடுத்தால் சரிசெய்து தர ஊருக்கு ஊர் மெக்கானிக் இருக்கிறார். விபத்தில் வளைந்த உடம்பையும் வில்லங்கமான ஆர்.சி.யையும் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், பழைய வண்டி பார்க்கக் கூப்பிட்டால் ஸ்பேனரை எடுக்கவே மாட்டார். "மொதல்ல புக்கக் காட்டச் சொல்லுங்க சார், வண்டி எங்கயும் ஓடிடாது" என்பார். ஆர்.சி. ஸ்மார்ட் கார்டாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவருக்கு அது இன்னமும் 'புக்'தான்.

அந்தப் புக்கில் அவர் விரலை வைக்கும் இடங்களைச் சொல்கிறேன். தயாரித்த மாதமும் பதிவான தேதியும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன? 2013 பதிவு என்று விலை சொல்லும் வண்டி 2012 மார்ச்சில் தயாரானதாக இருக்கலாம். எத்தனையாவது ஓனர்? ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் நிற்கிறதா? "லோன் எப்பவோ கட்டியாச்சு" என்பது வாய்ப்பேச்சு. கடன் கொடுத்தவர்கள் தந்த தடையில்லாச் சான்றும், படிவம் 35-உம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், ஆர்.சி.யிலிருந்து அந்தப் பெயர் நீங்கினால்தான் கடன் முடிந்ததாக அர்த்தம். அட்டையில் உள்ள கலர்தான் வண்டியின் கலரா? கேஸ் கிட் மாட்டியிருந்தால் அது அட்டையில் ஏறியிருக்கிறதா? கடைசியாக, வண்டியில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா? சேஸிஸ் நம்பர் 17 இலக்கம். மாருதி என்றால் எம்.ஏ.3 என்றும், ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல். என்றும் தொடங்கும். நம்பர் அடித்த இடத்தைச் சுற்றி உரசலோ புதுப் பெயின்டோ இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை செல்லும் என்பது தெரிந்துவிடும். இ-சலானில் கட்டாத அபராதமும் தெரியும். இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். கொடுத்த பிறகு பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பலர் "தேதி இருக்கா" என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதில் என்.சி.பி. என்று ஒரு வரி இருக்கும். க்ளெய்ம் வாங்காமல் ஓட்டியவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி அது. முதல் வருஷம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி 50-இல் நிற்கும். பத்து வருஷத்து வண்டியின் முழு பாலிசியில் என்.சி.பி. 50 என்று இருந்தால் குறைந்தது ஐந்து வருஷம் இந்த ஓனர் க்ளெய்ம் போகவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் என்று இருந்தால் நடுவில் பாலிசி விட்டுப்போயிருக்கலாம், அல்லது போன வருஷம் எங்கோ பலமாக இடித்திருக்கலாம். "ஒரு கீறல் விழாத வண்டி" என்று எதிரே நிற்பவர் சொல்லும்போது இந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். இந்தத் தள்ளுபடி ஓனருக்கு உரியது, வண்டிக்கு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நம் பெயருக்கு மாறும்போது அது நமக்கு வராது, பிரீமியம் கூடும்.

பெயர் மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவர் பெயர் எழுதாமல் கையில் வைத்துக்கொண்டு, ஒரே வண்டியை மூன்று நான்கு பேர் கைமாற்றி விற்பது நம் ஊரில் சர்வசாதாரணம். ஆர்.சி.யில் சிங்கிள் ஓனர். நிஜத்தில் வண்டி எத்தனை வீட்டு வாசலில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. விபத்து நடந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையது என்று தீர்ப்பு. ஆகவே, காரை விற்கிற வாசகர்களுக்கும் இது பொருந்தும். சாவியைக் கொடுத்த நாளையும் நேரத்தையும் போட்டு டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெயர் மாறும் வரை விடாமல் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

வாங்குகிறவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு சேர்ந்து தானாக வந்துவிடும். சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை மாற்றிக்கொள்ளாவிட்டால், நாளைக்கு நீங்களே கொண்டுபோய் மோதினாலும் பழைய ஓனரின் பாலிசியை வைத்து ஒரு பைசா வாங்க முடியாது.

2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஓனர் படிவம் 29சி மூலம் அரசுக்குத் தெரிவித்துவிடலாம். அதன்பின் வண்டிக்கான பொறுப்பு டீலர் தலையில். "அங்கீகாரச் சான்று இருக்கா" என்று கன்சல்டிங்கில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. பதிலிலிருந்தே ஆளை எடைபோட்டுவிடலாம்.

வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைக்கும். தில்லியில் 10 வருஷத்து டீசலுக்கும் 15 வருஷத்து பெட்ரோலுக்கும் கெடுபிடி வந்தபின் அங்கிருந்து நிறைய வண்டிகள் இறங்கின. என்.ஓ.சி., மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அது மலிவா என்று முடிவு செய்யுங்கள். எனக்கென்னவோ முதல் முறை வாங்குபவர்கள் டி.என். நம்பரோடு நின்றுகொள்வதே நிம்மதி என்று படுகிறது.

15 வருஷக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. எஃப்.சி.க்கு முன் டிங்கரிங், பெயின்ட் என்று ஆகும் செலவு இவற்றைவிடப் பெரிது. 13 வருஷத்து வண்டியைப் பேசும்போது இன்னும் இரண்டு வருஷத்தில் வரப்போகும் இந்தச் செலவையும் பேரத்தில் சேர்த்துப் பேசுங்கள்.

இனி உடம்பு. நல்ல பகல் வெளிச்சத்தில், காய்ந்த வண்டியைப் பாருங்கள். சாயங்காலம், டியூப் லைட் வெளிச்சம், அப்போதுதான் வாட்டர் வாஷ் செய்த ஈரம், இந்த மூன்றும் விற்பவருக்கு நண்பர்கள். ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் கண்ணை ஓட்டினால் பட்டி போட்ட இடம் அலையடிக்கும். விரலால் தட்டினால் தகரம் கணீரென்றும், பட்டி போட்ட இடம் மொத்தென்றும் கேட்கும். கதவில் கீறல் விழுந்து பெயின்ட் அடித்திருப்பதெல்லாம் குற்றமே இல்லை. நம் ஊர்த் தெருக்களில் பத்து வருஷம் ஓடிய வண்டிக்கு அது சகஜம். பயப்பட வேண்டியது உள்ளே. பானட், ஃபென்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்து ஸ்பேனர் தடம் இருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். முன் சக்கரத்துக்கு மேலே உள்ளே தெரியும் தகரத்திலும், கதவுத் தூண்களிலும் கம்பெனி போட்ட வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் அப்படி இருந்து மறுபக்கம் வழுவழுவென்று இருந்தால் அங்கே கைவேலை நடந்திருக்கிறது. தூணில் கைவேலை நடந்த வண்டியை நான் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் முத்திரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன் கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் கல் பட்டிருக்கலாம்; ஒரே பக்கத்தில் இரண்டு கண்ணாடிகள் மாறியிருந்தால் அந்தப் பக்கம் எதுவோ வந்து மோதியிருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் பயமுறுத்துவது வெள்ளத்தில் நின்ற கார். 2015 டிசம்பரில் சென்னையில் வீட்டுக்கு வீடு பார்க்கிங்கில் கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கார்கள் தண்ணீரில் மிதந்துபோன காட்சியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போயின? ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று கம்பெனி பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். உடைத்துப் பாகமாக விற்கப்பட்டவை போக, சிலவற்றைக் காயவைத்து, சீட் மாற்றி, பாலிஷ் போட்டு வெளியூரில் விற்றுவிடுகிறார்கள். கோவையிலோ மதுரையிலோ சென்னை நம்பர் வண்டி ஒன்று சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைவாக வந்தால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

நான் சொன்ன அந்த மெக்கானிக் இதைக் கண்டுபிடிக்கும் விதத்தை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்ததும் மூக்கை உள்ளே நீட்டினார். டேஷ்போர்டில் வாசனை டப்பா, "இது எதுக்கு இவ்ளோ பெருசு?" என்றார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை, இனி வராது என்கிற வரை இழுத்தார். வெளியே தெரியும் பெல்ட் பளிச்சென்று இருந்தது. சுருளுக்குள் கிடந்த கடைசி ஒரு முழம் செம்மண் கலரில் இருந்தது, நடுவே கோடு கிழித்ததுபோல நீர்மட்டத்தின் தடம். யாரும் அவ்வளவு தூரம் இழுத்துத் துவைப்பதில்லை. பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் டார்ச் அடித்தார், துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார். பள்ளத்தின் ஓரத்தில் காய்ந்த வண்டல். டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் இணையும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. "ஓட்டிப் பாக்கலாமேண்ணே, நல்லா ஓடுதே" என்று வாங்க வந்த தம்பி இழுத்தார். "இப்ப ஓடும் தம்பி. ஆறு மாசம் கழிச்சு நடுரோட்டுல பவர் விண்டோ எறங்காது, அப்புறம் மீட்டர் போகும், அப்புறம் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. என்ன கெட்டுதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது." பச்சை பூத்த ஒயருக்கு ஸ்கேனரும் பதில் சொல்லாது என்பதே விஷயம். தண்ணீருக்குள் வண்டியை ஓட்டியிருந்தால் இன்னும் மோசம். காற்று போகும் வழியே தண்ணீர் என்ஜினுக்குள் போய்விட்டால், தண்ணீர் அமுங்காது என்பதால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கிலோமீட்டரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மீட்டரைக் குறைப்பது டிஜிட்டல் மீட்டர் வந்தபின் இன்னும் சுலபமாகிவிட்டது. 38,000 என்று மீட்டர் காட்டுகிறது, ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாகி, ஸ்டியரிங்கின் இடதும் வலதும் பளபளத்து, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் அமுங்கிக் கிடந்தால் எதை நம்புவது? பெடலைத்தான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நாலு டயரும் ஸ்டெப்னியும் என்ன சொல்கின்றன என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஷோரூம் சர்வீஸ் என்றால் நம்பரைச் சொல்லிப் பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்கச் சொல்லலாம். விற்பவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவழியாக என்ஜினுக்கு வந்துவிட்டோம். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டு, போனதும் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடுபண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிய வண்டி முதல் சாவியிலேயே எழுந்திருக்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் கடைந்த மாதிரி வெளுத்த பசை இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் என்ஜினில் அந்த மூடியைத் திறந்து அப்படியே கவிழ்த்து வைத்தால், மூடி குதித்தோ புகை குபுகுபுவென்று வந்தோ காட்டிக்கொடுக்கும். மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பது இதைத்தான். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பும்போது மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, என்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். அணையாத விளக்கைவிட எரியவே எரியாத விளக்கு ஆபத்து. பழுதை மறைக்க பல்பையே பிடுங்கியிருப்பார்கள்.

ஓட்டிப் பார்ப்பது தெருமுனை வரை போய்த் திரும்புவது அல்ல. மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றுங்கள். சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால் 'டக் டக்' கேட்கிறதா? ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் ஒரு கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிறதா, வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்க மறக்கிறோம். மாருதி 800, பழைய சான்ட்ரோ போன்றவற்றில் பெல்ட். ஆல்டோ கே10, கே வரிசை பெட்ரோல் ஸ்விஃப்ட், 1.3 டீசல் என்ஜின் இவற்றில் செயின். பெல்ட் வண்டி என்றால், மாற்றிய பில் இல்லாத பட்சத்தில் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். பெட்ரோல் விஷயமும் ஒன்று இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலப்புக்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் குழாய், ரப்பர் சீல்களில் வெடிப்போ வாடையோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஃபோர்டு, செவர்லே போன்ற, இங்கே கடையை மூடிய கம்பெனிகளின் வண்டிகள் வசதிக்கு மலிவு. மறைமலைநகரில் பிறந்த ஃபிகோவுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. உங்கள் ஊரில் அதைப் பார்க்க ஆளும் பாகமும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு எடுங்கள். பாகம் தேடிப் போகச் சென்னையில் இருப்பதுபோலப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் எல்லா ஊரிலும் இல்லை.

குழந்தைகளை ஏற்றிப்போகத்தான் கார் என்று எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எல்லாக் காரிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது அதே வருஷம் ஜூலையில். அதற்கு முந்தைய பல வண்டிகளில் டாப் மாடலில் மட்டும் இருக்கும். ஒரு வருஷம் பழையதாக இருந்தாலும் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள மாடலையே எடுங்கள் என்பேன். அலாய் வீலும் டச் ஸ்கிரீனும் பிறகு மாட்டிக்கொள்ளலாம், இவற்றை மாட்ட முடியாது.

விலை பேசும்போது கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே பேசிவிடாதீர்கள். இரண்டு லட்சம் இருந்தால் ஒன்றரை லட்சத்துக்கு வண்டி பாருங்கள். ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக், பேட்டரி, டயர், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் என்று முதல் மூன்று மாதம் மீதியைத் தின்றுவிடும். கூட வருகிற மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலியைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னாலும் கொடுங்கள். அப்போதுதான் அடுத்த வண்டிக்கும் தைரியமாக வேண்டாம் என்று சொல்வார். முக்கியமாக, விற்கிறவர் சொல்லும் மெக்கானிக்கைக் கூட்டிப்போகாதீர்கள்.

வண்டி கைக்கு வந்ததும் இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள். ஃபாஸ்டேக் பழைய ஓனர் பெயரில் இருக்கும். அவரை அதை மூடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிது எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டோல்கேட்டில் நீங்கள் போகப்போக அவர் பணம் போகும், அவர் மூடிய நாளில் நீங்கள் லேனில் நிற்பீர்கள்.

பழைய கார் வாங்கி நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் எழுதுங்கள். எந்த மாடல், எந்த வருஷம், பெயர் மாறிய பிறகு எவ்வளவு செலவானது என்ற விவரத்தோடு. அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆர்.சி. நகலை இணைத்து அனுப்புகிறவர்கள் நம்பரையும் முகவரியையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். விற்பனைக்கு என்று எழுதிக் காரின் போட்டோ அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நாங்கள் கன்சல்டிங் நடத்தவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்